நாற்பத்து மூன்றாம் காணிக்கை

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீரபாகு கிறிஸ்தவர் ஆனதே சண்டை போடப் போன இடத்தில்தான். ஐம்பத்தைந்தாம் வருஷம். அவர் வீட்டுக்கு நாலு தெரு தாண்டி, செங்கல் சூளைக்குப் பக்கத்தில், ஓடு போட்ட ஒரு சின்ன ஆலயம் இருந்தது. தறியில் இழை எண்ணிக்கொண்டிருக்கும்போது அங்கே மணி அடித்து எண்ணிக்கையைக் குலைத்துவிடுகிறார்கள் என்று நியாயம் கேட்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். உள்ளே பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கிழவயதில் பிறந்த ஒரே பையனை, கடவுள் கேட்டார் என்பதற்காகப் பலி கொடுக்க ஒரு தகப்பன் மலைமேல் கூட்டிப் போகிறான். விறகையும் அந்தப் பையனே சுமக்கிறான். பலிக்கு ஆடு எங்கே என்று பையன் கேட்கிறான். அந்த இடத்தில் பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்து, மீதியை அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று முடித்துவிட்டார்.

சண்டைக்குப் போனவர் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பையன் பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. கேட்டதும் கொடுக்கக் கிளம்பிய அந்தத் தகப்பன் அவர் மனசில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். இரண்டு வருஷம் கழித்து ஞானஸ்நானம் வாங்கினார். அந்த மலைப் பையனின் பெயரையே, ஈசாக்கு என்று வைத்தார்கள். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

மனைவி தில்லையம்மாள் கூச்சல் போடவில்லை. "நீங்க போங்க. என்னைக் கூப்புடாதீங்க. தறியில மட்டும் ரெண்டு பேரும் இருந்தா போதும்" என்றாள். அதில் விஷயம் இருந்தது. அவர்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு வரிசையிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு நெய்பவர் ஒருவர் போதாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை இழை சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தில்லையம்மாள்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இல்லாத வீடு. நாள் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சைவிட, அங்கும் இங்கும் தள்ளிக்கொண்ட நாடாதான் அதிகம்.

வீரபாகு நல்ல மனிதர். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்ல மனிதர்களோடு குடித்தனம் செய்தவர்களைக் கேட்டால்தான் அதிலுள்ள சிரமம் தெரியும். அவர் ஆண்டவருக்காக ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். முதலில் காப்பியை விட்டார். கருப்பட்டித் தண்ணீர் போதும் என்றார். அது போதும் என்பவருக்கு அதைக் காய்ச்சி வடிகட்டித் தர ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் தில்லையம்மாள். அப்புறம் மெத்தையை விட்டார். அது அவளுடைய அம்மா வீட்டுச் சீர். ஒரே மெத்தை. அதைத் தூக்கி ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து, "இன்னையிலேர்ந்து எனக்குத் தரைதான்" என்றார். தில்லையம்மாளுக்கும் தரைதான். தவக்காலம் வந்தால் நாற்பது நாள் உப்பை விடுவார். ஒரு குழம்பை இரண்டு பானையில் வைக்க அவளால் ஆகாது. ஆகவே அவளும் நாற்பது நாள் சப்பென்று சாப்பிட்டாள்.

ஒரு வருஷம் கோபத்தை விட்டார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பட்டுநூல் கொடுக்கிறவன் ஈரமாக்கி எடை கூட்டிக் கொடுத்தாலும் வீரபாகு சிரித்த முகமாக வாங்கி வந்துவிடுவார். உடனே தில்லையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, அவனோடு இரண்டு பேர் சண்டையையும் தானே போட்டுவிட்டு வருவாள். வீரபாகுவுக்குத் தெருவில் சாது என்று பெயர். அவளுக்கு என்ன பெயர் என்று இங்கே எழுத வேண்டாம்.

மீசையைக்கூட ஒரு தரம் எடுத்தார். மீசை வைக்கக்கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லையே என்று யாரோ சொன்னதும் மறுபடி வளர்த்துக்கொண்டார். அவளுக்கு நஷ்டம் வராத தியாகம் அது ஒன்றுதான். அதுவும் மூன்று மாசம்கூட நிற்கவில்லை.

இத்தனையும் விட்ட பிறகும் வீரபாகுவுக்கு நிம்மதி இல்லை. அந்த மலைத் தகப்பன் மகனையே கொடுக்கப் போனான். தனக்குக் கொடுக்க ஒரு மகன்கூட இல்லையே என்று ஜெபத்தில் அழுவார். இந்த நிலைமையில்தான் அறுபத்தேழாம் வருஷம் பிப்ரவரி மாசம், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, புதிதாக வந்திருந்த பாதிரியார் ஒரு கேள்வி கேட்டார்.

அறுப்பின் பண்டிகை என்றால் விளைச்சலின் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். நெல், கரும்பு, பூசணி, சேவல், ஆடு என்று அவரவர் வசதிப்படி வரும். ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம் விட்டு, வருகிற தொகை சபைக்குச் சேரும். "பூசணிக்காயைக் கொண்டாந்து வைக்கிறீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா உங்களை எப்ப வைக்கப்போறீங்க?" என்று பாதிரியார் கேட்டார். எந்த ஊர்ப் பிரசங்கியும் கேட்கிற கேள்விதான். பதில் எதிர்பார்த்துக் கேட்கிறதில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் ஒருவர், அடுத்த ஞாயிறு என்று மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டார்.

அந்த ஆறு நாளும் வீரபாகு முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தன்னை முழுசாக ஒப்புக்கொடுத்துவிட்டால் பாதிரியார் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி ஊழியத்துக்கு அனுப்பிவிடுவார் என்று திட்டம் போட்டிருந்தார். திருமுக்கூடல் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்ல வேண்டியது. தறி? அதை விட்டுவிட வேண்டியது. தில்லை? அவளை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். வேதத்தில் கலப்பையை விட்டுப் போனவர்கள், வலையை விட்டுப் போனவர்கள் எல்லாரும் அப்படித்தானே போனார்கள்? அவர்கள் வீட்டில் அன்றைக்கு ராத்திரி யார் அடுப்பு மூட்டினார்கள் என்று பிரசங்கத்தில் யாரும் சொன்னதில்லை. வீரபாகுவும் கேட்டதில்லை.

அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று பயம். தறியில் பாதி நெய்த அரக்குச் சேலை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வழக்கத்தைவிட அரை முழம் கூடுதலாக நெய்தார். "இன்னாங்க, இன்னிக்கு இவ்ளோ சுறுசுறுப்பு?" என்று அவள் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். மஞ்சள் பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, வேதபுத்தகம் மூன்றையும் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை கிளம்பினார்.

காணிக்கைகளுக்கு எண் எழுதி ஒட்டுவது சபைச் செயலாளர் கலியாணசுந்தரத்தின் வேலை. கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜப்தி செய்த அண்டா குண்டாவை ஏலம் விட்டுப் பழகிய குரல். சட்டம் என்றால் அவருக்கு உயிர், சபைச் சட்டமானால் அதற்கும் மேலே. நாற்பத்திரண்டு வரைக்கும் எழுதிவிட்டு நிமிர்ந்தவர், இரண்டு பூசணிக்காய்க்கும் கால் கட்டிய ஒரு வெள்ளாட்டுக்கும் நடுவில் வீரபாகு மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஆடு உன்னுதா?"

"இல்லீங்க. ஆடு ஏனாத்தூர் தர்மன் கொண்டாந்தது."

"அப்ப நீ இன்னா கொண்டாந்தே?"

"என்னைத்தாங்க."

கலியாணசுந்தரம் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியாருக்கு வியர்த்துவிட்டது. அவர் ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சாந்தமானவர், கலியாணசுந்தரத்துக்கு மட்டும் பயப்படுவார். "வீரபாகு, நான் சொன்னது ஆவிக்குரிய அர்த்தத்துல..." என்று ஆரம்பித்தார். வீரபாகு கையைக் கூப்பிக்கொண்டு, "ஐயா, வெச்சிட்டேன். இனிமே எடுக்கமாட்டேன்" என்றார். சபை எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. பாடகர் குழு எந்தப் பாட்டைப் பாடுவது என்று தெரியாமல் இரண்டு பாட்டை ஒரே சமயத்தில் ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்ததும் அவசரக் கமிட்டி கூடியது. கலியாணசுந்தரம் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எழுதிய விதி: பீடத்தின் முன் வைத்த காணிக்கை எதுவானாலும் திருப்பிக் கொடுக்கலாகாது, அன்றைய தினமே ஏலம் விடப்பட வேண்டும். பூசணிக்காய் அழுகிவிடுமே என்று பயந்து எழுதிய விதி அது. மனுஷனுக்குப் பொருந்தாது என்று அதில் எழுதவில்லை.

"மனுசனை எப்படிங்க ஏலம் வுடறது?" என்றார் பாதிரியார் பரிதாபமாக.

"வுடாம இருந்தா விதியை மீறினதா ஆயிடும் ஐயா. இன்னிக்கு இவரை எடுத்துக்கினு போவ வுட்டா, அடுத்த வருசம் அவனவன் வெச்ச ஆட்டை அவனவன் இஸ்துக்கினு போயிடுவான்."

கமிட்டி அந்த வாதத்தை ஒப்புக்கொண்டது. வீரபாகு சட்டையில் நாற்பத்து மூன்று என்று எழுதிய சீட்டை ஒட்டினார்கள். ஒட்டிய சூட்டோடு வெள்ளாடு கழுத்தை நீட்டி அதைக் கடித்துத் தின்றுவிட்டது. வேறு எழுதி, எட்டாத உயரத்தில், முதுகில் ஒட்டினார்கள்.

அது தேர்தல் மாசம். குழாய் ஒலிபெருக்கிக்கு ஊரில் அடிதடி. கலியாணசுந்தரம் கட்சிக்காரர்களோடு மல்லுக்கட்டி அரை நாளுக்கு ஒன்றைப் பிடித்து வந்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார். அவர் குரலுக்கு அது தேவையே இல்லை. நாலு தெரு தாண்டிக் கேட்டது. வெண்டைக்காய்க் கூடை போனது. சிவப்புச் சேவல் ஒன்பது ரூபாய்க்குப் போனது. வெள்ளாடு நாற்பத்தைந்துக்குப் போனது. அப்புறம் வீரபாகுவை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று ஆறு நாளாக நினைத்து வைத்திருந்தார். கூட்டம் தேம்பித் தேம்பி அழும். பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொள்வார்கள். பாதிரியார் தழுதழுப்பார். கண்ணைத் திறந்து பார்த்தால், முன்வரிசையில் ஒருவர் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"நெசவாளர் வீரபாகு! வயசு முப்பத்தெட்டு! பதினெட்டு முழம் சேலை ஒத்தையா மடிப்பார்! வெத்திலை பாக்குக் கிடையாது! கேளுங்க!"

யாரும் கேட்கவில்லை. நெடுநேரம் கேட்கவில்லை. விதவை கிருஷ்ணம்மாள் பார்க்கச் சகியாமல், "எட்டணா" என்றாள். கூட்டம் சிரித்தது. வீரபாகுவுக்கு முகம் எரிந்தது. ஆண்டவருக்காகத் தோலை உரித்துக் கொடுக்கத் தயாராக வந்தவருக்கு, எட்டணா என்றதைத் தாங்க முடியவில்லை. சேவல் ஒன்பது ரூபாய்க்குப் போயிருக்கிறதே என்று நினைத்தார். நினைத்த உடனே வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

ஏனாத்தூர் தர்மன் பெரிய விவசாயி. வேர்க்கடலை பிடுங்க ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, "அஞ்சு ரூபா" என்றார். இன்னொருவர் ஆறு என்றார். தர்மன் ஒன்பது என்றார். அவ்வளவில் நின்றது. கலியாணசுந்தரம் ஒலிபெருக்கியில், "ஒம்போது ரூபா, ஒரு தரம்! நெசவாளர் வீரபாகு, ஒம்போது ரூபா!" என்று முழங்கினார்.

நாலு தெரு தள்ளி தில்லையம்மாள் ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் பெயர் குழாயில் கேட்டதும், இவரும் தேர்தலில் நிற்கிறாரோ என்று முதலில் திகைத்தாள். அடுத்து "ஒரு தரம்" என்று கேட்டது. காதில் விழுந்ததை நம்பலாமா என்று அவள் நின்று யோசிக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்பவள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு இருந்ததை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள்.

அந்த ஆலய வளாகத்துக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வைத்த அன்றைக்கு, நாற்காலிமேல் முதுகில் சீட்டோடு நிற்கும் புருஷனையும், அவர் கையில் மஞ்சள் பையையும் ஒன்றாகப் பார்த்தாள். பையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சொல்லாமல் கிளம்பியிருக்கிறார்.  அழுவதற்கு நேரம் இல்லை, இரண்டாம் தரம் சொல்லிவிட்டார்கள்.

"நிறுத்துங்க! அவரு எம் புருசன். அவரை நீங்க எப்படி விக்கலாம்?"

"நாங்க விக்கலைம்மா. அவரா வந்து காணிக்கை வெச்சிக்கினாரு. இப்ப அவரு ஆண்டவருக்குச் சேர்ந்துட்டாரு" என்றார் கலியாணசுந்தரம்.

"என்னைக் கேக்காம வெச்சா செல்லுமா?"

கமிட்டி தலைகளை ஒன்றாக்கிக்கொண்டு பேசியது. கூட்டுச் சொத்தை ஒருவர் மட்டும் காணிக்கை வைத்தால் செல்லுமா என்று நோட்டுப் புத்தகத்தில் இல்லை. வேண்டுமானால் அந்த அம்மாளும் ஏலம் கேட்கலாம், வெளியாள் கேட்கக்கூடாது என்று விதி இல்லை என்று முடிவாயிற்று.

"பத்து ரூபா" என்றாள் தில்லையம்மாள்.

"பதினொண்ணு" என்றார் தர்மன். அவருக்கு வீரபாகு பெரிய தேவையில்லை. ஆனால் ஏல வெறி என்று ஒன்று இருக்கிறதே, அது தலைக்கு ஏறியிருந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் அவர் தோளைத் தட்டி, வேண்டாம்ணா என்றதற்கு, "ஏலம்னா ஏலந்தாம்பா" என்றார்.

தில்லையம்மாள் அவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"அண்ணா, இந்த ஆளை வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க? கடலை புடுங்கவா? கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து ஜெபத்துல உக்காருவாரு, பொழுது ஏறுன அப்பாலதான் எழுந்திருப்பாரு. காப்பி குடிக்கமாட்டாரு, கருப்பட்டித் தண்ணி வெச்சிக் குடுக்கணும். நாப்பது நாளு உப்பில்லாம ஆக்கிப் போடணும். உங்க வூட்டு மெத்தையைத் தூக்கி எவனுக்காவது குடுத்துட்டு வந்து, சந்தோசமா இருக்குதா அண்ணான்னு உங்களையே கேப்பாரு. உங்க கடலையை எவன் அள்ளிக்கினு போனாலும் சிரிச்சிக்கினு வழி வுடுவாரு. சண்டைக்கு நீங்கதான் போவணும். கொடுக்கறது எல்லாம் அவரு, அவஸ்தைப்படறது எல்லாம் நாம. பாத்துக்குங்க."

தர்மன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் வுட்டுட்டேம்மா" என்றார் மெதுவாக.

வீரபாகு நாற்காலிமேல் நின்றபடி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். ஒலிபெருக்கியும் கேட்டு, நாலு தெருவுக்குச் சொன்னது. காப்பியை விட்டது தெரியும் அவருக்கு. கருப்பட்டித் தண்ணீரை யார் காய்ச்சினார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து வருஷம் அதைக் குடித்திருக்கிறார்.

"தர்மன் வாபஸ். அப்ப உன் பத்து ரூபா நிக்குதும்மா. பத்து ரூபா, ரெண்டு தரம்..."

"பன்னண்டு" என்றாள் தில்லையம்மாள்.

"உனக்கு மேல கேக்கறதுக்கு ஆளே இல்லைம்மா. பத்துக்கே எடுத்துக்கினு போ."

"பன்னண்டுதான். சேவலு ஒம்போதுக்குப் போச்சாமே. அதுக்கு ஒரு ரூபா மேலேன்னா எம் புருசனுக்கு மரியாதை இன்னா இருக்குது? வேற யாரும் கேக்கலைன்னா அதுக்காக வெலை கொறைஞ்சிடுமா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் பன்னிரண்டுதான் இருந்தது. கூட்டம் சிரிக்கவில்லை. கரும்பு கடித்துக்கொண்டிருந்தவர் கடிப்பதை நிறுத்தினார். வீரபாகு நாற்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் தடுமாறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அழுதார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீரபாகுவைப் பற்றித் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். வாசலைத் தாண்டுமுன் பாதிரியாரிடம் ஓடிப்போய், "ஐயா, என்னை ஆண்டவருக்குக் குடுத்தேன். இப்ப வூட்டுக்கே போறேன். இனிமே நான் இன்னா செய்யணும்?" என்று கேட்டார். பாதிரியார் களைத்துப்போயிருந்தார். "ஆண்டவர்தாம்ப்பா உன்னை அந்தம்மா கையில குடுத்திருக்காரு. அவங்க சொல்றதைக் கேட்டு நட" என்று சொல்லி அனுப்பினார். நடைமுறைக்குச் சொன்ன புத்தி அது. வீரபாகு அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தில்லையம்மாளுக்குப் புதுப் பிரச்சினை. அவள் சொல்லாமல் அவர் எதுவும் செய்வதில்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுங்க என்று சொல்கிறவரை உட்கார்ந்திருப்பார். தறிக்குழியில் காலை இறக்கிவிட்டு, "நெய்யட்டுமா?" என்பார். நெய்ய ஆரம்பித்தால் போதும் என்று சொல்கிறவரை எழமாட்டார். ஒருநாள் அவள் மறந்துபோய்ச் சந்தைக்குப் போய்விட்டு வந்தால், இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "தும்மறதுக்கும் என்னைக் கேப்பீங்களா?" என்று கத்தினாள். "கேக்கணுமா?" என்றார் பணிவாக. ஆக, கீழ்ப்படிவது அவர், யோசிப்பது எல்லாம் அவள். இதற்கு அந்த உப்பில்லாத குழம்பே மேல் என்று ஆகிவிட்டது.

ஆடி மாசம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக்கோடி அம்மன் கோயிலுக்கு அவள் கிளம்பினாள். பாதத்தில் வெடிப்பு வந்து டாக்டர் சொன்னதால் புதிதாக ரப்பர் செருப்பு வாங்கியிருந்தாள். முதலில் வாங்கிய ஜோடி முந்தின வாரம் கோயில் கூட்டத்தில் காணாமல் போய், இது இரண்டாவது. அந்த எரிச்சலும், காலையிலிருந்து பதினேழு தரம் "செய்யட்டுமா" என்று கேட்ட எரிச்சலும் சேர்ந்துகொள்ள, "வாங்க என்கூட. நான் சாமி கும்புட்டு வர்ற வரைக்கும் வாசல்ல நின்னு செருப்பைப் பாத்துக்கோங்க" என்றாள்.

வீரபாகுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பத்து வருஷமாக அந்த வாசல் பக்கமே போனதில்லை. திருவிழா என்றால் சுற்றி வேறு தெரு வழியாக நடப்பார். சபையில் அவருக்கு ஒரு பதவி இருந்தது. ஞாயிறுதோறும் காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது அவர்தான். அந்த நாலு நிமிஷ நடைக்காக வாரம் முழுக்க வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருப்பார். ஆடி வெள்ளியில் அம்மன் கோயில் வாசலில் நின்றால் அது போய்விடும். அவள் ஏதோ கோபத்தில் சொன்னாள். முடியாது என்றிருந்தால் விட்டிருப்பாள். அவரும் வாயைத் திறந்தார். ஆனால் எழுந்து அவள் பின்னால் நடந்தார்.

வாசலில் ஓர் ஓரமாக நின்றுகொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரத்தில், ஒரு ஆள் நின்று செருப்புக்குக் காவல் காக்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துபோயிற்று. ஒருத்தி வந்து, "அண்ணா, இதையும் பாத்துக்கோ" என்று கழற்றினாள். அவர் வேண்டாம் என்பதற்குள் இன்னும் மூன்று பேர் கழற்றினார்கள். அரைமணியில் நாற்பது ஜோடி சேர்ந்துவிட்டது. எது யாருடையது என்று கலந்துவிடாமல் வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது. கலியாணசுந்தரம்.

"வீரபாகு! நீயா? இங்க இன்னாய்யா பண்றே?"

"செருப்பு பாத்துக்கினு இருக்கறேங்க."

"சபைக்காரன் நிக்கற எடமா இது? ஆடி வெள்ளியும் அதுவுமா! கெளம்பு, வா."

"உத்தரவு இல்லீங்க."

"யாரு உத்தரவு?"

"நீங்கதாங்க வித்தீங்க" என்றார் வீரபாகு. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி வராது.

கலியாணசுந்தரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணிக்கைப் பையை வேறு ஆள் எடுக்கட்டும், மீதியைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். சுண்டல் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

வீரபாகு நின்றார். ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பின்னாலேயே ஓடி, சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் விட்ட எத்தனையோ பொருள்களில் ஒவ்வொன்றையும் விடும்போது உள்ளே ஒரு இனிப்பு இருந்தது. இதில் துளிகூட இல்லை. இதைச் சாட்சி என்று ஆலயத்தில் எழுந்து சொல்ல முடியாது. தியாகம் என்று யாரும் மெச்சப்போவதில்லை. வேப்பமரத்தடியில் அவள் காலி முந்தானையோடு நின்றது ஞாபகம் வந்தது. அவளை அன்றைக்கு யார் மெச்சினார்கள்? அவர் மறுபடி குனிந்து, கலைந்து கிடந்த ஒரு ஜோடியை நேராக வைத்தார்.

தில்லையம்மாள் வெளியே வந்தபோது நெற்றியில் குங்குமமும் கையில் தொன்னையும் இருந்தன. வரிசை வரிசையாகச் செருப்பும் நடுவில் புருஷனுமாகப் பார்த்துப் படியிலேயே நின்றாள்.

"ஏங்க, என் செருப்பைத்தானே பாத்துக்கச் சொன்னேன்?"

"எல்லாரும் வெச்சிட்டுப் போறாங்க. நான் இன்னா பண்றது?"

"யாராவது பாத்தாங்களா?"

"செக்ரட்டரி ஐயா பாத்துட்டாரு. பை எடுக்கறது போச்சி. கமிட்டி கூப்புடுவாங்க."

அவள் தொன்னையைக் கீழே வைத்தாள். "அவரு கூப்புட்டப்பவே போயிருக்கலாமே. நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன்."

"தெரியும்" என்றார் வீரபாகு. "நீ சொன்னதுக்காவ நிக்கலை. நின்னுடலாம்னு இருந்திச்சி, நின்னேன்."

தில்லையம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

"பத்து வருசமா நீங்க ஆண்டவருக்குக் குடுத்ததெல்லாம் என் கையிலேர்ந்து போச்சி. இன்னிக்குத்தான் உங்க கையிலேர்ந்து ஒண்ணு போயிருக்குது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. "இதையெல்லாம் வுட்டுட்டு எப்படிப் போறது, கொஞ்சம் இருக்கணும்" என்றார். ஆறு மாசத்தில் அவராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"இருக்கலாம்" என்றாள் தில்லையம்மாள். முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்புக்காரிகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். இவர் எடுத்து நீட்ட, அவள் வாங்கி எதிரே வைத்தாள். கடைசி ஜோடிக்கு உரியவள் வர வெகுநேரம் ஆயிற்று.